சீனக்குடா ஓடுபாதையும் சுற்றியுள்ள ஊர்களும்

இலங்கையின் திருகோணமலையை அடுத்த சீனக்குடா விமான நிலையத்தின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. ஓடுபாதை பார்க்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து அதற்கு எண் இடுவது உலக வழக்கம். அதன்படி வடகிழக்கு நோக்கி ஓடும்போது இதன் பெயர் 06, தென்மேற்கு நோக்கி ஓடும்போது 24. நீளம் ஏறக்குறைய 2,400 மீட்டர். திருகோணமலையின் இரண்டு பெருங்காற்றுகளும் கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் வீசுகின்றன. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து உடம்பைச் சுடும் கச்சான். விமானம் எதிர்க்காற்றை நோக்கியே ஏறும், எதிர்க்காற்றை நோக்கியே இறங்கும். ஆகவே வாடைக்காலத்தில் புறப்படும் விமானம் உள்துறைமுகத்தின் மேலாக நகரத்தின் பக்கம் எழும்பும். கச்சான் காலத்தில் அதே விமானம் தம்பலகாமக் குடாவின் மேலாக எழும்பிப் போய், இறங்கும்போது நகரப் பக்கமிருந்து வரும். எந்த ஊருக்கு எந்த மாதத்தில் இரைச்சல் கூடும் என்பதை முதலில் தீர்மானிப்பது காற்று. விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அதற்குப் பிறகுதான்.

சீனன்குடா என்றும் சிலர் சொல்லும் இந்த இடம் நீருக்கு நடுவே நீண்ட ஒரு நிலத்துண்டு. வடகிழக்கில் உள்துறைமுகம், தெற்கே கொட்டியாரக் குடா, தென்மேற்கில் தம்பலகாமக் குடா. கண்ணாடிச் சிப்பி முத்துக்கு ஒரு காலத்தில் பேர்போன நீர் அது. நிலத்துண்டின் மீது விமானப்படைத் தளமும், பிறீமா மா ஆலையும், பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்களும், சீனக்குடாப் புகையிரத நிலையத்தை ஒட்டிய வீடுகளும் இருக்கின்றன. வெள்ளைமணல், நாச்சிக்குடா, கப்பல்துறை ஆகிய ஊர்களும், நீருக்கு அப்பால் கிண்ணியாவும் தம்பலகாமமும் இந்த வானத்தின் கீழேதான் இருக்கின்றன. ஓடுபாதையின் இரு முனைக்கும் அப்பால் நீர் இருப்பது பெரிய கொடை. ஊரின் மேல் பறக்காமல் நீரின் மேல் பறக்க இங்கே வழியுண்டு. நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்ட பல விமான நிலையங்களுக்கு அது இல்லை.

ஆனால் நீர் இரைச்சலை விழுங்குவதில்லை. நிலத்தில் மரமும் புல்லும் சுவரும் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும்; அசையாத நீர்ப்பரப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். பொழுது சாய்ந்து, நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக்காற்று நிற்கும் வேளையில் ஒலி மேலே கலைந்து போகாமல் கீழ்நோக்கி வளையும். கொட்டியாரக் குடாவில் வலை போடுகிறவர் அக்கரையில் பேசும் பேச்சை இரவில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். 2009இல் திறக்கப்பட்ட 396 மீட்டர் நீளக் கிண்ணியாப் பாலத்தில் மாலையில் நின்றால் தூரத்துப் படகின் இயந்திரமே பக்கத்தில் ஓடுவதுபோல் கேட்கும். விமானத்தின் ஒலிக்கும் அதே விதிதான். குடாவின் மேலாகப் பறந்தால் போதும், பிறகு கவலையில்லை என்று வரைபடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாதது இதனாலே.

இந்த ஓடுபாதையின் பெரும்பகுதி வேலை பயிற்சிதான். இலங்கை விமானப்படையின் விமானிகள் பறக்கப் பழகும் கல்விப்பீடம் இங்கே இருக்கிறது. பயணிகள் விமானம் ஒருமுறை வரும், ஒருமுறை போகும். பயிற்சி விமானம் அப்படியல்ல. ஏறி, சுற்றி, இறங்கி, சக்கரம் நிலத்தைத் தொட்டதும் நிற்காமல் மறுபடியும் ஏறும். இந்தச் சுற்றுப்பறப்பு பொதுவாக நிலத்திலிருந்து 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர் உயரத்தில் நடக்கும்; ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். கீழே இருக்கும் ஒரு வீட்டுக்கு இதன் பொருள், ஒரு மணி நேரத்தில் அதே விமானம் பத்து முறை. ஒரு பயிலுநர் இறங்கியதும் அடுத்தவர் ஏறுவார். ஒன்பது உருளை பிஸ்டன் இயந்திரம் கொண்ட பி.டி.-6 விமானத்தின் முழக்கம் ஒருவகை, கே-8 ஜெட் பயிற்சி விமானத்தின் கிழிக்கும் ஒலி வேறுவகை. ஒரு பெரிய விமானம் நாளைக்கு இரண்டு முறை போவதைவிட, ஒரு சிறிய விமானம் விடாமல் சுற்றுவது பலரைக் கூடுதலாக வருத்தும். ஒலி எவ்வளவு பலமானது என்பது போலவே, அது எப்போது ஓயும் என்று தெரியாமலிருப்பதும் இரைச்சலின் ஒரு பகுதிதான்.

சுற்று எந்தப் பக்கம் என்பது இங்கே சிறிய விடயம் அல்ல. உலகெங்கும் சுற்றுப்பறப்பு வழமையாக இடப்பக்கமாகத் திரும்பும். 24ஆம் திசையில் ஏறி இடப்பக்கம் திரும்பினால் வெள்ளைமணல், கிண்ணியா, கொட்டியாரக் குடா என்று போகும். 06ஆம் திசையில் ஏறி இடப்பக்கம் திரும்பினால் எண்ணெய்க் குதங்களும் கண்டி வீதியும் இருக்கும் நிலப்பக்கம் போகும். வலப்பக்கச் சுற்றுக்கும் விதிகளில் இடமுண்டு. ஊர், ஆலை, மலை என்று காரணம் இருந்தால் பல விமான நிலையங்கள் அதைத்தான் விதிக்கின்றன. ஒரு ஊரின் பகற்பொழுது எப்படிக் கழியும் என்பதை மாற்றும் இந்த முடிவு, விமானிகளின் கையேட்டில் ஒரே ஒரு வரி.

இரைச்சலோடு பிணைந்த இன்னொரு அச்சம் விபத்து. 2020 டிசம்பர் 15ஆம் திகதி சீனக்குடாவிலிருந்து கிளம்பிய ஒரு பி.டி.-6 கந்தளாய்ப் பகுதியில் விழுந்து பயிலுநர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஓகஸ்ட் 7ஆம் திகதி இன்னொரு பி.டி.-6 புறப்பட்ட ஓரிரு நிமிடத்தில் தளத்துக்குள்ளேயே விழுந்து அதிலிருந்த இருவரும் மாண்டார்கள். 2025 மார்ச் 21ஆம் திகதி சீனக்குடாவிலிருந்து போன கே-8 வாரியப்பொலவில் விழுந்தது; விமானிகள் இருவரும் பரசூட்டில் தப்பினர். இறந்தவர்கள் இளம் அதிகாரிகள். அவர்களுடைய இழப்பை முதலில் நினைக்காமல் இதைப் பேசுவது முறையல்ல. அதோடு, எண்ணெய்க் குதங்கள் நிற்கும் ஒரு நிலத்துண்டில் பழகுவிமானங்கள் எந்த வழியாகச் சுற்றுகின்றன என்று கீழே வாழ்கிறவர்கள் கேட்பதும் நியாயமான கேள்வி. இரைச்சல் பற்றிய கேள்வியின் அடியில் பல நேரம் இந்தக் கேள்விதான் இருக்கும்.

ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வளர்ந்தது. பிரித்தானிய வான்படையின் தளமாக இருந்தபோது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. இங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்துப் போரிட்டன. தீப்பற்றி எரிந்த எண்ணெய்க் குதம் ஒன்றின் உருகிய இரும்பு நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஐம்பதுக்கு மேல் இங்கிருந்து கிளம்பி சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போயின. அந்தப் பெரிய விமானங்களுக்காகத்தான் ஓடுபாதை 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. 1957இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கையளித்தபோது கடற்படைத் துறைமுகத்தோடு இந்த நீண்ட ஓடுபாதையும் இலங்கையிடம் வந்தது. அன்று யாரோ ஒரு போருக்குப் போட்ட நீளம்தான் இன்று பயணிகள் விமானத்துக்கும் ஆசை காட்டுகிறது.

பிறகு வந்த உள்நாட்டுப் போர் இந்த மாவட்டத்து மக்களின் காதுகளுக்கு வேறொரு கல்வியைக் கொடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் மக்கள் விமானங்களை ஒலியால் இனங்கண்டு பெயர் சொன்னார்கள். கிபிர், கெலி, பொம்பர்; மெதுவாக உருண்டு வருவது சகடை; மேலே நின்று ரீங்காரிக்கும் வேவு விமானம் வண்டு. ஒலியைக் கேட்டதும் எந்தத் திசை, எவ்வளவு உயரம், பதுங்குகுழிக்கு ஓட நேரம் இருக்கிறதா என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி மாலை சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகள் மீது விமானத் தாக்குதல் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். 2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மேல் குண்டு போட்டன. அன்றைக்கு நகரத்தில் படுத்திருந்தவர்களுக்கும் இரவில் கேட்கும் இயந்திர ஒலி ஒரு பொருளைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் சம்பூர், மறுகரையில் சீனக்குடா. ஒலிமானியின் முள் ஒரே எண்ணில் நின்றாலும், தலைக்கு மேல் தாழப் பறக்கும் ஜெட் விமானம் சம்பூர்க் கரைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும் அதிர்ச்சி, போரைக் காணாத ஊர்க்காரருக்குக் கொடுப்பதாக இராது. இரைச்சல் எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதில் டெசிபெல் ஒரு பகுதியே. அச்சம், பழைய நினைவு, ஒலியை உண்டாக்குகிறவர் மேலுள்ள நம்பிக்கை ஆகியவை மீதி என்பது ஒலி ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்ட முடிவு. திருகோணமலையில் அந்த மீதிக்கு எடை கூடுதல். இதைக் கணக்கில் எடுக்காத எந்த விமானப் பாதைத் திட்டமும் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

டெசிபெல் என்ற அளவையும் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். அது சாதாரணக் கூட்டல் கணக்குக்கு அடங்காது. ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் எண் 3 மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 கூட வேண்டும். ஒரே மாதிரியான பத்து விமானங்கள் இருபதாகும்போது அறிக்கையில் சராசரி 3 டெசிபெல்தான் உயரும். படிப்பவருக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரியும். கீழே இருப்பவருக்குத் தொந்தரவின் எண்ணிக்கை இரட்டிப்பு. விமான நிலையங்களைச் சுற்றி வரையப்படும் இரைச்சல் வளைகோடுகள் இத்தகைய நீண்டகாலச் சராசரிகளே. ஐரோப்பாவின் கணக்கில் மாலை ஒலிக்கு 5, இரவு ஒலிக்கு 10 டெசிபெல் தண்டம் சேர்த்து ஆண்டுச் சராசரி எடுக்கிறார்கள். காலையில் மூன்று மணி நேரம் விடாமல் சுற்றி, பின்னர் அடங்கிவிடும் ஒரு பயிற்சித் தளத்தில் இப்படியான சராசரி உண்மையை மறைக்கும். அதனால் அவுஸ்திரேலியாவில் இன்னொரு கணக்கும் வந்தது. ஒரு நாளில் 70 டெசிபெலுக்கு மேல் எத்தனை முறை என்று எண்ணிச் சொல்வது. வீட்டுக்கு வெளியே அந்த அளவு வந்தால், யன்னல் திறந்திருக்கும் அறைக்குள் பேச்சு தடைப்படும். சீனக்குடாவுக்குப் பொருந்தும் கணக்கு இதுதான்.

யன்னல் என்பது இங்கே முக்கியமான சொல். இலண்டனிலும் பிராங்பேர்ட்டிலும் விமான இரைச்சலுக்கு மருந்தாக இரட்டைக் கண்ணாடி யன்னல் போட்டுக் கொடுக்கிறார்கள். மூடிய நல்ல யன்னல் வெளி ஒலியில் 25 டெசிபெலுக்கு மேல் குறைக்கும். திறந்த யன்னல் 15 வரைதான். கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ கச்சான் அடிக்கும் ஆடி மாதத்தில் யன்னலை மூடிக்கொண்டு யாராலும் இருக்க முடியாது. பல வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போகவென்றே இடைவெளி விடப்பட்டிருக்கும். பாடசாலைகள் இன்னும் திறந்தவை. அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை, மேலே அஸ்பெஸ்ரஸ் அல்லது தகரக் கூரை, நாற்பது பிள்ளைகள். விமானம் மேலே போகும்போது ஆசிரியர் பேச்சை நிறுத்துவார், பிள்ளைகள் தலையை உயர்த்துவார்கள், ஒலி தேய்ந்தபின் பாடம் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டு முறை இது நடந்தால் ஒரு பாடவேளையில் எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கலாம்.

இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1992இல் ஜேர்மனியின் மியூனிக் நகரத்தின் பழைய விமான நிலையம் மூடப்பட்டு வேறிடத்தில் புதியது திறந்தபோது, இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். பழைய இடத்துப் பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் மேம்பட்டன. புதிய இடத்துப் பிள்ளைகளுடையவை தாழ்ந்தன. பிறகு இலண்டன், அம்ஸ்ரடாம், மட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 2,800க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. பாடசாலையில் விமான இரைச்சல் 5 டெசிபெல் கூடும்போது பிரித்தானியப் பிள்ளைகளின் வாசிப்பு வயது இரண்டு மாதம் வரை பின்தங்கியது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம். ஆறு ஐரோப்பிய விமான நிலையங்களை வைத்து 2008இல் வந்த ஆய்வு, இரவு இரைச்சல் 10 டெசிபெல் உயர, உயர் இரத்த அழுத்தத்துக்கான வாய்ப்பு 14 சதவீதம் உயர்ந்ததைக் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வகுத்த பரிந்துரையில் விமான ஒலியின் நாள் முழுமைக்குமான அளவு 45 டெசிபெலுக்கும், இரவு அளவு 40 டெசிபெலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்றது. மூடிய யன்னல்கள் உள்ள நாடுகளை ஆராய்ந்து வந்த எண்கள் இவை.

விமானப் பாதை என்று வரைபடத்தில் காணும் கோடு முன்னாட்களில் உண்மையில் அகன்ற ஒரு பட்டையாக இருந்தது. நிலத்திலுள்ள வானொலி வழிகாட்டிகளை நம்பிப் பறந்தபோது ஒவ்வொரு விமானமும் சற்று விலகிப் போகும். இரைச்சல் பரவலாக விழும். செய்மதி வழிகாட்டல் வந்தபின் எல்லா விமானமும் அதே கயிற்றில் நடப்பதுபோல ஒரே கோட்டில் போகின்றன. எரிபொருள் மிச்சம், தாமதம் குறைவு. கோட்டுக்கு நேர் கீழே இருக்கும் சில நூறு வீடுகளுக்கு மட்டும் முழு ஒலியும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் 2014 செப்டெம்பர் 18ஆம் திகதி இப்படிப் பாதைகள் மாற்றப்பட்டன. மறுநாளிலிருந்து முறைப்பாடுகள் குவிந்தன. நகரசபையும் பழைய குடியிருப்புகளின் மக்களும் வழக்குப் போட, 2017 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாற்றம் மக்களை முறையாகக் கேளாமல் செய்யப்பட்டது என்று கூறி அதை இரத்துச் செய்தது.

சிட்னியின் கதை திருகோணமலைக்கு இன்னும் நெருக்கம். அங்கும் ஓடுபாதைகள் ஒரு குடாவின் கரையில், பொட்டனி பேயில் இருக்கின்றன. 1994இல் மூன்றாவது ஓடுபாதை திறந்ததும் ஒரு பக்கத்துப் புறநகரங்கள் மேல் இரைச்சல் கொட்டியது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். விமான இரைச்சல் வேண்டாம் என்ற பெயரிலேயே ஒரு கட்சி தேர்தலில் நின்றது. 1995இல் இரவு 11 முதல் காலை 6 வரை பறப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அந்த நேரத்தில் அனுமதிக்கப்படும் சில சரக்கு விமானங்களும் குடாவின் மேலாகத்தான் வந்து போக வேண்டும். பின்னர் வந்த நீண்டகாலத் திட்டம், முடிந்த மட்டும் நீரின் மேல், முடியாதபோது எல்லாத் திசைக்கும் பகிர்ந்து என்று விதித்தது. இலண்டன் ஹீத்ரோவில் மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றுகிறார்கள். அந்த மணி அடித்தால் தங்கள் ஊருக்கு ஓய்வு என்று கீழே உள்ளவர்களுக்குத் தெரியும். சீனக்குடாவில் ஓடுபாதை ஒன்றுதான். ஓய்வு நேரத்தை முன்கூட்டியே சொல்வதற்கு அது தடையில்லை.

இலங்கையில் இரைச்சலுக்கென்று சட்டம் இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வெளியான ஒழுங்குவிதிகள், பிரதேச சபை எல்லைகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்றும், நகரசபை எல்லைகளில் பகலில் 63, இரவில் 50 என்றும் வரம்பிட்டன. ஒலி எழும் காணியின் எல்லையில் வைத்து அளப்பது அவற்றின் முறை. அரிசி ஆலைக்கும் ஒலிபெருக்கிக்கும் அது சரி. ஓடுபாதைக் காணியைவிட்டு எழும்பி அக்கரை ஊரின் மேல் ஒலிக்கும் ஒன்றுக்கு அந்த முறை எட்டாது. இந்தியா 2018இல் விமான நிலைய வலயங்களுக்கென்றே தனி வரம்பு வகுத்தது. ஆண்டுக்கு 50,000க்கு மேல் விமானப் போக்குவரத்துள்ள நிலையங்களில் பகலில் 70, இரவில் 65; மற்றவற்றில் 65, 60. தாராளமான எண்கள்தாம். ஆனாலும் அளக்க ஒரு கோல் கிடைத்தது.

மேலே பறக்கும் விமானத்துக்கு எதிராக நீதிமன்றம் போவது எங்கும் கடினம். பிரித்தானியச் சட்டமும், அதன் வழிவந்த இந்தியாவின் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், நியாயமான உயரத்தில் விதிப்படி பறந்தது என்ற ஒன்றை மட்டும் காட்டி வழக்காட முடியாது என்றன. இராணுவ விமானங்கள் பற்றி இரண்டு தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு குடும்பத்தின் கோழிப்பண்ணைக்கு 83 அடி மேலாகப் போர்க்கால விமானங்கள் இறங்கின. கோழிகள் மிரண்டு சுவரில் மோதிச் செத்தன, ஏறக்குறைய 150. ஐக்கிய அமெரிக்கா எதிர் காஸ்பி என்ற அந்த வழக்கில் 1946இல் உயர் நீதிமன்றம், அவ்வளவு தாழ்வாக அடிக்கடி பறப்பது அந்த நிலத்தின் ஒரு பகுதியை அரசு எடுத்துக்கொண்டதற்குச் சமம், நட்டஈடு கொடு என்றது. இங்கிலாந்தின் விட்டெரிங் தளத்தில் ஹரியர் ஜெட் விமானிகள் பயிற்சிச் சுற்றுப் பறந்தபோது அருகிலிருந்த பண்ணைமாளிகைக்காரர் வழக்குப் போட்டார். 2003இல் நீதிமன்றம் பயிற்சியை நிறுத்த மறுத்தது, நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவை என்றது. அதே தீர்ப்பில், நாடு முழுவதற்குமான நன்மையின் சுமையை ஒரு வீடு மட்டும் தாங்க வேண்டியதில்லை என்று 950,000 பவுண் நட்டஈடும் விதித்தது. மாளிகைக்காரருக்குக் கிடைத்த அந்த நியாயம் தகரக் கூரை வீட்டுக்கும் உரியது.

இவற்றையெல்லாம் இப்போது பேச வேண்டிய காரணம் உண்டு. 2023 ஜூலை 21ஆம் திகதி இந்தியாவும் இலங்கையும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணம், சென்னைக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே விமான சேவைக்கான வாய்ப்பை ஆராய்வது என்கிறது. திருகோணமலையைக் கைத்தொழிலுக்கும் எரிசக்திக்கும் மையமாக்கும் நோக்கமும் அதிலே இருக்கிறது. பலாலியில் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை இடையில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கட்டுநாயக்காவில் இறங்கி இரவெல்லாம் வாகனத்தில் வரவேண்டிய மக்களுக்குத் திருகோணமலையில் ஒரு விமானம் இறங்குவது பெரிய விடயம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கும், கோணேசர் கோயிலுக்கு வரும் அடியார்களுக்கும் அப்படியே. இரைச்சலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் விமானத்துக்கு எதிரிகள் அல்லர்.

சென்னையைப் பார்த்தால் காலம் தாழ்த்துவதன் விலை தெரியும். மீனம்பாக்கம் ஒரு காலத்தில் நகரத்துக்கு வெளியே. பின்னர் பம்மல், பொழிச்சலூர், கவுல் பஜார், கொளப்பாக்கம், மணப்பாக்கம் என்று வீடுகள் ஓடுபாதைகளின் முனைவரை நெருங்கின. அங்கே இரண்டாவது ஓடுபாதையை நீட்ட அடையாற்றின் மேலே பாலம் போட வேண்டியிருந்தது. வீடு வந்த பிறகு பாதையை நகர்த்தவும் முடியாது, வீட்டை நகர்த்தவும் முடியாது. புதிய இடம் தேடிப் பரந்தூருக்குப் போனால், அங்கே ஏகனாபுரம் மக்கள் வயலும் ஏரியும் போகும் என்று 2022இலிருந்து போராடி வருகிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2001இல் வகுத்த நான்கு வழிகளில் நிலப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று. ஒலி குறைந்த விமானம், ஒலி குறைக்கும் பறப்பு முறை, நேரக் கட்டுப்பாடு ஆகியவை மற்ற மூன்று. நிலத் திட்டம் வீடுகள் எழும்புமுன் மட்டுமே பலிக்கும். சீனக்குடாவைச் சுற்றி அதற்கு இன்னும் இடமிருக்கிறது.

மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் தூரத்தில் 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். 06-24 கோட்டை வடகிழக்கே நீட்டினால் உள்துறைமுகத்தைக் கடந்து நகரத்தின் பக்கமே போகிறது. கச்சான் காலத்தில் பெரிய விமானங்கள் நேர்கோட்டில் இறங்கினால் நகரம் கேட்கும். கடலுக்கு மேலாக வளைந்து வந்து, துறைமுகத்தின் மேல் கோட்டைப் பிடிப்பது செய்மதி வழிகாட்டலில் வரைந்து பார்க்கக்கூடிய பாதை. நீரின் மேலேயே பறப்பதற்கு எதிர்வாதமும் உண்டு. தம்பலகாமக் குடாவின் கண்டல் கரைகளில் நீர்ப்பறவைகள் கூடும் இடத்தின் மேல் தாழப் பறப்பது பறவைக்கும் இயந்திரத்துக்கும் ஆபத்து. தவிர, நீரின் மேல் இருக்கும் மீனவர்களும் மனிதர்கள்தாம். எந்தக் கோட்டை வரைந்தாலும் யாரோ ஒருவர் அதன் கீழே இருப்பார். அவர் யார் என்று முன்னரே தெரிந்துகொண்டு, அவரிடம் கேட்டுவிட்டு வரைவதுதான் வேறுபாடு.

கேட்பதற்கு வழி சட்டத்தில் இருக்கிறது. விமான நிலையம் ஒன்றின் கொள்திறனை 50 சதவீதமோ அதற்கு மேலோ கூட்டும் விரிவாக்கத்துக்கு 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் 30 நாட்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அந்த அறிக்கை தமிழில் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும், விமானப் பாதைகள் ஊர்ப் பெயர்களோடு வரைபடத்தில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். இராணுவத் தளம் என்பதால் தேசியப் பாதுகாப்பு என்ற கதவு சில கேள்விகளுக்கு மூடும். பயிற்சி எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற தகவலில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. சாதாரணதர, உயர்தரப் பரீட்சை நாட்களிலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும், தம்பலகாமம் ஆதிகோணநாயகர் கோயில் திருவிழாவிலும் சுற்றுப்பறப்பைத் தள்ளி வைப்பது விமானப்படையால் ஒரு கடிதத்தில் செய்யக்கூடியது. பயிற்சி நேரத்தைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகப் பலகையில் ஒட்டினாலே, போர் கண்ட ஒரு தாய் மேலே கேட்கும் ஒலி என்னவென்று அறிந்து கையிலுள்ள வேலையைத் தொடர்வார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவெடுப்பு வேண்டும். பயணிகள் விமானம் வந்தபின் எடுக்கும் அளவு, அதற்கு முன் எவ்வளவு அமைதி இருந்தது என்பதைச் சொல்லாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லாத வேலை. ஒலிமானிகளை வெள்ளைமணலில் ஒரு பாடசாலைக் கூரையின் கீழும், கிண்ணியாப் பாலத்தின் ஊர்ப்பக்க முனையிலும், கப்பல்துறையிலும், நகரத்தில் பிரட்ரிக் கோட்டை வாசலிலும், கொட்டியாரக் குடாவின் அக்கரையில் சம்பூரிலும் வைக்கலாம். ஒவ்வொன்றிலும் சராசரியோடு, 70 டெசிபெலைத் தாண்டியது எத்தனை முறை, எந்த மணியில் என்று குறிக்க வேண்டும். காற்று மாறும்போது பாதையும் மாறுவதால் ஒரு பருவத்து அளவு போதாது. கச்சானில் ஒரு மாதம், வாடையில் ஒரு மாதம்.